ஆவணி ஒன்றாம் தேதி

பாகூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரிசு சான்றிதழுக்கு மனு, முதியோர் பென்ஷன் விண்ணப்பம், வாடகை அக்ரிமென்ட் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தின் பாதிக் காகிதங்கள் என் விரல் வழியாகத்தான் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் போயிருக்கும். எழுத்துப் பிழை விட்டால்கூட எனக்குப் பொறுக்கும், தேதி பிழையானால் சோறு இறங்காது. இதைக் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் அக்ரிமென்ட் வேலை படுத்துவிடும். அந்த இரண்டு மாதமும் எங்கள் பக்கம் யாரும் வீடு மாறமாட்டார்கள். அவசரத்துக்கு மாறினாலும் காகிதத்தில் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆடி பத்தாம் தேதியே கட்டிலும் பீரோவும் இறங்கியிருக்கும், கடைக்கு வந்து, "ஆவணி ஒண்ணு போடுக்கா" என்பார்கள். நானும் போடுவேன். வீட்டுச் சொந்தக்காரருக்கும் திருப்தி, குடி வருகிறவருக்கும் திருப்தி, சாமிக்கும் குறையில்லை. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டியவள் நான்தான், தேதியை அடிக்கிற கை என்னுடையதுதானே.

எங்கள் வீடு பாகூரிலிருந்து செலியமேடு போகிற வழியில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. கீழே நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர், மில் மூடியபிறகு ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மகள் நர்சிங் முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தாள். மேலே ஒரு ரூம், சின்னச் சமையல்கட்டு, பாத்ரூம். அதை வாடகைக்கு விடுவோம். அந்த வருஷம் ஆனியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். ஆவணிவரைக்கும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும், அதனால் போர்டுகூட மாட்டவில்லை.

ஆடி நான்காம் தேதி, சாயங்காலம். இதைச் சொல்ல நான் எந்தப் பேப்பரையும் புரட்டவேண்டியதில்லை. அரியாங்குப்பத்து ஆட்டோக்காரர் ஒருவர், என் கடையில் இன்சூரன்ஸ் ஜெராக்ஸ் எடுக்கிறவர், எங்கள் மாடி காலி என்று தெரிந்தவர், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் ஏழெட்டு வயதுச் சிறுமியையும் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார். இரண்டு சூட்கேஸ். அந்தப் பெண்ணின் கையில் ஒரு மேசை விளக்கு. விளக்கை மட்டும் கீழே வைக்காமல் கடைசிவரை பிடித்துக்கொண்டே நின்றாள். படம் வரைகிறவள் என்று அப்புறம் தெரிந்தது. லேப்டாப்பில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைந்து தன் நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

உக்ரைன்காரி. கல்யாணமான புதிதில் புருஷனோடு இந்தக் கடற்கரைப் பக்கம் வந்து ஒரு மாதம் இருந்திருக்கிறாள். சண்டை வந்து அவர்கள் இருந்த அடுக்குமாடி இடிந்தபோது, புருஷன் இவர்கள் இருவரையும் ரயிலேற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டான். ஆம்பளைகளை வெளியே விடமாட்டார்களாம். பக்கத்து நாடுகளில் கொஞ்ச காலம் இருந்துபார்த்துவிட்டு, தெரிந்த இடம் என்று இங்கே வந்துவிட்டாள். கொஞ்சம் தமிழ் பழகுகிற அளவுக்குப் பல மாதம் கடற்கரையில் தங்கியிருந்த விடுதியை முதலாளி விற்றுவிட்டார், அன்று காலைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சிறுமி அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"ஆடி மாசத்துல குடித்தனம் வெக்கப் போறியா? இன்னா, கிறுக்கு புடிச்சிகிச்சா ஒனக்கு?"

"ரோட்ல நிக்கிறாங்க. புள்ளைய வெச்சிக்கினு எங்க போவாங்க?"

"அதுக்கு? ஊரே பேசும்."

"குடித்தனம்னு யாரு சொன்னா? இப்ப விருந்தாளி. ஆவணி பொறந்ததும் பால் காய்ச்சி குடி வரட்டும்."

சொல்லி முடித்ததும் எனக்கே என் கெட்டிக்காரத்தனம் பிடித்துப்போயிற்று. அந்த இருபத்தெட்டு நாளைக்கும் வாடகை வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மேலே தங்கிக்கொள்ளலாம், ஆனால் பால் காய்ச்சாத அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது, சாப்பாடு எங்களோடு. அவள் கண் கலங்கிவிட்டது. நான் ரொம்ப நல்லவள் என்று அன்றைக்கு நானும் நம்பினேன்.

வெளிநாட்டுக்காரர் யாராவது நம் வீட்டில் தங்கினால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் என்று ஒரு படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். தங்கவைக்கிறவர்தான் ஏற்றவேண்டும், தங்குகிறவர் இல்லை. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. கடற்கரைப் பக்கத்து விடுதிக்காரர்கள் இரண்டு பேருக்கு நானே ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போதே அவள் கேட்டாள், "அக்கா, சி ஃபார்ம்?" அந்த ஒரு வார்த்தையை மட்டும் நன்றாகக் கற்றுவைத்திருந்தாள். அவளுக்கு இந்த ஊரில் இருக்க உரிமை இருக்கிறது என்பதற்கு அவளிடம் இருந்த ஆதாரமெல்லாம் ஒரு விசாவும் அந்தப் படிவமும்தான். எந்தப் படிவத்திலும் அகதி என்று ஒரு கட்டம் அவளுக்கு இல்லை. சுற்றுலாப் பயணி என்ற கட்டத்தில்தான் டிக் விழுந்திருந்தது.

"ஆவணியில போட்டுக்கலாம்மா. அக்ரிமென்ட்டும் ஆவணி, இதுவும் ஆவணி. ரெண்டும் ஒத்துப்போகணும்."

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டாள். அடுத்த வாரமும் கேட்டாள். மூன்றாவது தடவை எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இருவது வருஷமா இதே வேலையத்தான் பாக்கறன். எனக்குத் தெரியாதா?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

அந்த ஆடி மாதம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். மூன்று வேளையும் ஐந்து பேராக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒரு நாள் என் சமையல்கட்டில் அவள் பீட்ரூட் போட்டு அவள் ஊர் சூப் வைத்தாள். வீட்டுக்காரர் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பீட்ரூட் பொரியல்ல யாரு தண்ணி ஊத்தனது?" என்று கேட்டார். ஆனால் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். சிறுமிக்கு ரசம் சாதம் பிடித்துப்போயிற்று. அம்மா என்னை அக்கா என்றதால் அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட வேண்டும் என்று என் மகள் சொல்லிக்கொடுத்தாள். பத்தே நாளில் அது பெரிம்மாவாகி, தெருவுக்கே கேட்டது.

ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். சிறுமியைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு சொம்பு குடித்தாள். "இது எதுக்குப் பெரிம்மா?" என்று கேட்டாள். "ஆடி மாசம்டி, ஆத்தாளுக்குக் கூழு ஊத்துற மாசம்" என்று சொன்னேன். வழியெல்லாம் ஆடி மாசம், ஆடி மாசம் என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் மேலே பால் காய்ச்சினோம். என் மகள் அவளுக்கு ஒரு காட்டன் புடவை கட்டிவிட்டிருந்தாள். பால் பொங்கி வழிந்ததும் சிறுமி கைதட்டினாள். பத்து மணிக்கு நான் கடையைத் திறந்து ஸ்டாம்ப் பேப்பரில் அக்ரிமென்ட் அடித்தேன், பதினோரு மாதத்துக்கு. வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் சி ஃபார்மை ஏற்றினேன். வந்து சேர்ந்த தேதி என்ற கட்டத்தில் ஆவணி ஒன்றுக்கு உரிய இங்கிலீஷ் தேதியைப் போட்டேன். அவள் திரையைப் பார்த்தாள்.

"அக்கா, ஆனா நாங்க..."

"இதான் சரி. ரெண்டும் ஒத்துப்போகணும்."

அவள் கையெழுத்துப் போட்டாள். எங்கள் கணக்கில் பால் காய்ச்சாதவரை யாரும் குடி வந்ததாக இல்லை. என் கணக்கை வேறு யாரும் அப்படியே பார்ப்பார்களா என்று நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் எந்தக் குறையும் இல்லை. தெருவில் முதலில் அவளை ரஷ்யாக்காரம்மா என்றார்கள். டீக்கடைக்காரர், பால்காரர், எல்லாருக்கும் வெள்ளைத் தோல் என்றால் ஒன்று பிரான்ஸ், இல்லாவிட்டால் ரஷ்யா. அவள் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி மறுத்து மறுத்துக் களைத்துப்போனாள். ஒரு நாள் சிறுமி டீக்கடை வாசலில் நின்று, "நாங்க ரஷ்யா இல்ல. அவங்கதான் எங்க வூட்ட இடிச்சது" என்று சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் கடையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். அன்றிலிருந்து தெருவில் யாரும் ரஷ்யா என்று சொல்லவில்லை.

சாயங்காலங்களில் அவள் மாடியில் உட்கார்ந்து புருஷனோடு வீடியோவில் பேசுவாள். சில நாள் அவன் முகம் தெரியும், சில நாள் கரண்ட் இல்லாமல் குரல் மட்டும் வரும். கீழே துணி மடித்துக்கொண்டிருக்கும் எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. பேசி முடித்துவிட்டு இறங்கி வந்து என்னோடு துணி மடிப்பாள். சண்டை முடிகிறவரை இங்கேயே இருக்கவேண்டும், மகள் மறுபடி ஒரு தடவை இடம் மாறக்கூடாது, அது போதும் என்று ஒரு நாள் சொன்னாள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றுதான்.

பங்குனியில் விசாவை நீட்டிக்க விண்ணப்பம் போட்டோம். அவள் நாட்டுக்காரர்கள் சிலருக்கு நீட்டித்துத் தந்திருந்தார்கள், அதனால் நம்பிக்கையாகத்தான் இருந்தாள். என் கடையில்தான் எல்லாம் ஏற்றினோம், பாஸ்போர்ட், போட்டோ, அக்ரிமென்ட், சி ஃபார்ம். சித்திரை கடைசியில் பதில் வந்தது. அதை என் பிரின்டரிலேயே எடுத்தேன். விடுதியை விட்டுப் போனதாக விடுதிக்காரர் போட்டிருக்கும் தேதிக்கும், எங்கள் வீட்டுக்கு வந்ததாக நான் போட்டிருக்கும் தேதிக்கும் நடுவில் இருபத்தெட்டு நாள் இடைவெளி. அந்த நாள்களில் எங்கே தங்கியிருந்தார்? வீட்டு உரிமையாளரோடு நேரில் வரவும்.

கேள்வி அவளைக் கேட்டிருந்தார்கள், பதில் சொல்லவேண்டியவள் நான்.

அன்று வீட்டில் பெரிய பேச்சு. அதே வாரத்தில்தான் என் மகள் அரசாங்க ஆஸ்பத்திரி வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். போலீஸ் வெரிஃபிகேஷன் இன்னும் முடியவில்லை.

"வெளிநாட்டுக்காரங்கள சொல்லாம தங்கவெச்சா அது குத்தம். நீயே சொல்லியிருக்க" என்றார் வீட்டுக்காரர். "இப்ப வூட்டு மேல கேசு கீசுன்னு ஒண்ணு வந்தா, பொண்ணுக்கு யாரு ஆர்டர் குடுப்பான்?"

"அதுக்காக இன்னா சொல்லச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர்ல இன்னா இருக்குதோ அத சொல்லு."

மகள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். பேசியிருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

வைகாசியில் ஒரு நாள் டவுனில் இருந்த வெளிநாட்டவர் பதிவு ஆபீசுக்கு பஸ்ஸில் போனோம், நான், அவள், சிறுமி. அவள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழும் இங்கிலீஷுமாகக் கலந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, பயம் வேண்டாம். உண்மை சொல்லலாம். லேட் ஆச்சு, ஸாரி, அவ்ளோதான்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று அர்த்தமா, கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தமா என்று எனக்கே தெரியாத ஒரு ஆட்டல். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த அதிகாரி கடுகடுப்பானவர் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. மூன்று பேரையும் உட்காரச் சொன்னார், சிறுமிக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மேடம், இவங்க உங்க வீட்டுக்கு எப்ப வந்தாங்க?"

உண்மை வாய் வரைக்கும் வந்தது. ஆடி நாலு என்று சொல்லவேண்டும், இரண்டு வார்த்தை. மேசை மேல் நான் அடித்த அக்ரிமென்ட் இருந்தது. சுத்தமான எழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

"ஆவணி ஒண்ணு சார். அக்ரிமென்ட்லயே இருக்குதே."

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, சரியாகக் காதில் விழவில்லையோ என்பது மாதிரியான ஒரு பார்வை. அப்புறம் அதிகாரியிடம் இங்கிலீஷில் சொன்னாள், இல்லை சார், அதற்கு முன்னாலேயே வந்துவிட்டோம், இவர்கள் வீட்டில்தான் இருந்தோம், இவர்கள்தான் சாப்பாடு போட்டார்கள் என்று. அதிகாரி கையை விரித்தார்.

"ஹவுஸ் ஓனர் வேற சொல்றாங்களேம்மா."

அப்போது சிறுமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரிம்மா, கூழு குடிச்சமே, மாரியம்மன் கோயில்ல. ஆடி மாசம்னு நீங்கதான சொன்னீங்க?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இவ்வளவு நல்லா தமிழ் பேசுதே" என்றார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார். அவர் எனக்கு வழி விட்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. ஆமாம் சார், மறந்துட்டேன் என்று நானும் சிரித்திருந்தால், அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கலாம்.

"எங்க பக்கம் ஆவணிலயும் கூழு ஊத்துவாங்க சார். கொழந்த அது, மாசக் கணக்கு இன்னா தெரியும்?"

சிறுமி முந்தானையை விட்டுவிட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். சிறுமி அம்மா மடியில் தூங்கிவிட்டாள், அல்லது தூங்குகிறவள்போல் கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கிருமாம்பாக்கம் தாண்டியபிறகுதான் அவள் பேசினாள்.

"அக்கா, உங்க பொண்ணுக்கு வேலை கிடைக்கணும்."

வீட்டில் நாங்கள் பேசியது மாடிக்குக் கேட்டிருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் பஸ்ஸில் பயம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆனி முதல் வாரத்தில் முடிவு வந்தது. தங்கிய இடம் பற்றிச் சொன்ன தகவல் சரியில்லை, அதனால் நீட்டிப்பு இல்லை. இத்தனை நாளுக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும். அதையும் என் பிரின்டரில்தான் எடுத்தேன். அவள் அந்தப் பேப்பரைப் படித்துவிட்டு நாலாக மடித்தாள். சரி அக்கா என்றாள்.

அதற்கு நாலு நாள் கழித்து ஒரு வக்கீல் குமாஸ்தா அஃபிடவிட் அடிக்கக் கடைக்கு வந்தார். யாருக்கோ நடந்த மாதிரி மெதுவாகக் கேட்டுப்பார்த்தேன்.

"இதுக்கா பயந்தாங்க?" என்று சிரித்தார். "லேட்டா போட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னு ஓனர் ஒரு லெட்டர் குடுத்திருந்தா போதும். மிஞ்சிப்போனா ஃபைன் போட்டிருப்பான். பொய் சொன்னதுதான் பெரிய தப்பு."

அவர் போனதும் உட்கார்ந்து அந்த லெட்டரை இங்கிலீஷில் அடித்தேன். மேற்படி நபரும் அவர் மகளும் ஆடி நான்காம் தேதி முதலே என் வீட்டில் தங்கியிருந்தார்கள் என்றும், ஆடியில் குடி வைப்பதில்லை என்ற எங்கள் வழக்கத்தால் நானே தேதியை மாற்றிப் போட்டேன் என்றும், அவர்கள்மேல் தவறில்லை என்றும் எழுதினேன். பிரின்ட் எடுத்துக் கையெழுத்தும் போட்டேன். கவரில் போட்டு டிராயரில் வைத்தேன். மகளுக்கு ஆர்டர் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தினமும் காலையில் டிராயரைத் திறந்து கவரைப் பார்ப்பேன். தினமும் மூடிவைப்பேன். இருபது நாள் அப்படியே போயிற்று.

மகளுக்கு ஆனி கடைசி வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்து முதலில் கட்டிப்பிடித்தவள் அவள்தான். அதற்குள் ஆடி மூன்றாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள், போலந்தில் அவள் அக்கா இருந்தாள், அங்கே போகிறார்கள். ஆடியில் வீட்டைக் காலி செய்யக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆடி இரண்டாம் தேதி காலையில் அம்மாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். அம்மா உள்ளே வந்தாள். சிறுமி வாசல் படியிலேயே நின்றுகொண்டாள். டவுனுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டிருந்தாள், பெரிம்மா என்ற கூச்சல் தெருவில் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. போலந்தில் இறங்கியதும் முதலில் போய்ப் பதிவு செய்யவேண்டுமாம். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கேட்பார்களாம். இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை எங்கள் வீட்டில் குடியிருந்தார்கள் என்று வீட்டு உரிமையாளர் எழுதித் தரவேண்டும்.

நான் டிராயரைத் திறந்து அந்தக் கவரை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படிக்கிறவரைக்கும் நான் மேசை மேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போட்டிருந்த தேதியில் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அது ஆனி மாதத் தேதி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பேப்பரை மறுபடி கவரில் போட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப லேட் அக்கா."

"நான் பண்ணது பாவம்மா" என்றேன். "இந்த லெட்டர்லயாவது சரியான தேதிய போடறன். ஆடி நாலு. அங்கயாவது உண்மை இருக்கட்டும்."

அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஃபோனில் அந்த முடிவுக் கடிதத்தைத் திறந்து காட்டினாள். அதில் எங்கள் வீட்டுக்கு வந்த தேதி ஆவணி ஒன்றுதான். அக்ரிமென்ட்டிலும் ஆவணி ஒன்றுதான், சி ஃபார்மிலும் ஆவணி ஒன்றுதான். இந்தக் கடிதத்தில் வேறு தேதி இருந்தால் அங்கே ஒருவர் உட்கார்ந்துகொண்டு அந்த இருபத்தெட்டு நாளைப் பற்றி மறுபடி முதலிலிருந்து கேட்பார்.

"ஆவணி ஒண்ணு போடுங்க அக்கா. எல்லா பேப்பரும் ஒத்துப்போகணும். நீங்கதான சொன்னீங்க?"

குத்திக்காட்டவில்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அப்படியே திருப்பிச் சொன்னாள், அவ்வளவுதான். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இருபது வருஷத்தில் எத்தனையோ தடவை அடித்த தேதி, அன்று மூன்று தடவை தப்பாக அடித்து அழித்தேன். பிரின்ட் வந்ததும் கையெழுத்துப் போட்டேன். அவள் அதை வாங்கி, வாசலில் நின்ற மகளிடம் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். சிறுமி படியேறி உள்ளே வந்து பேப்பரை எட்டிப் பார்த்தாள். அதிலிருந்த நம்பர்களை விரல் வைத்துப் படித்தாள்.

"பெரிம்மா, இது பொய்தான?"

"ஆமாம்டி. பொய்தான். நீ சொன்னதுதான் நெஜம். ஆடி மாசந்தான் கூழு குடிச்சோம்."

"அப்ப அந்த ஆபீஸ்ல ஏன் சொல்லல?"

அவள் அம்மா அவள் தோளில் கை வைத்தாள். எத்தனை ஜெராக்ஸ் வேண்டும் என்று கேட்டேன். மூன்று என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.